எரிசக்தி முடிவுகளில் மக்கள் கருத்துக்கு எங்கே எடை கூடுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: மின்கட்டணத்தை மாற்றும்போதும், புதிய மின்நிலையத்துக்கோ எரிவாயுக் குழாய்க்கோ அனுமதி தரும்போதும், எரிசக்திக் கொள்கையைத் திருத்தும்போதும் அரசும் ஒழுங்குமுறை ஆணையங்களும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கின்றன. முடிவை முன்பே எடுத்து வைத்துக்கொண்டு நடத்தும் சடங்குதானா இது? சாதாரண மனிதர் ஒருவர் எழுதி அனுப்புவதால் எதுவும் மாறுமா? மாறும் என்றால் எப்படி எழுத வேண்டும்?

சடங்காக முடிந்துபோகும் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஏராளம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மேடையில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஆளுக்கு மூன்று நிமிடம் என்று ஒலிவாங்கிக்கு முன் வரிசை நகர்ந்து, மாலையில் எல்லோரும் கலைந்துபோகும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் அதை மட்டும் வைத்து இந்த ஏற்பாடு முழுவதையும் தள்ளிவிட முடியாது. மக்கள் தலையிட்டதால் முடிவு மாறிய இடங்களையும் மாறாத இடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, எத்தனை பேர் திரண்டார்கள் என்பதைவிட, எந்தக் கட்டத்தில் வந்தார்கள், முடிவெடுப்பவர் பதில் எழுதியே தீர வேண்டிய எதையாவது பதிவில் வைத்துவிட்டுப் போனார்களா என்ற இரண்டும்தான் பெரிதும் தீர்மானித்திருக்கின்றன.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சட்டமன்றத்தில் தலைகள் எண்ணப்படுகின்றன; பெரும்பான்மை தன் வாக்குக்குக் காரணம் எழுதித் தர வேண்டியதில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் நிலை வேறு. அது பாதி நிர்வாக அமைப்பு, பாதி நீதிமன்றம். தன் முன் வைக்கப்பட்ட மனு, கணக்கு, ஆட்சேபணை, சாட்சியம் ஆகியவற்றைக் கொண்டே அது முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவுக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். காரணமற்ற ஆணை மேல்முறையீட்டில் நிற்பது கடினம். அமெரிக்காவில் 1946-இல் இயற்றப்பட்ட நிர்வாக நடைமுறைச் சட்டம், விதியை இயற்றும் துறை முன்வரைவை அறிவித்துக் கருத்துகளைப் பெற்று, அவற்றைக் கருத்தில் கொண்ட பின்னரே, விதியின் அடிப்படையையும் நோக்கத்தையும் விளக்கும் குறிப்புடன் இறுதி விதியை வெளியிட வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவோ, கட்டண மனுவைச் சுருக்க வடிவில் வெளியிட வேண்டும் என்றும், பொதுமக்களிடமிருந்து வந்த ஆலோசனைகள், ஆட்சேபணைகள் அனைத்தையும் பரிசீலித்து, மனு கிடைத்த 120 நாட்களுக்குள் கட்டண ஆணையைப் பிறப்பிக்கவோ காரணங்களை எழுதி மனுவை நிராகரிக்கவோ வேண்டும் என்றும் விதிக்கிறது.

நீங்கள் எழுதும் கடிதத்துக்குச் சட்டம் தரும் பிடிமானம் ‘பரிசீலித்து’ என்ற அந்த ஒரு சொல்தான். கட்டணத்தை உயர்த்தாதீர்கள், மக்கள் தாங்க மாட்டார்கள் என்று ஆயிரம் பேர் எழுதினால், கட்டண உயர்வுக்குப் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர் என்று ஆணையம் ஒரே வரியில் பதிந்துவிட்டுக் கடந்து போகலாம். அப்படிச் செய்வதில் சட்டப் பிழையும் இல்லை. மாறாக, மனுவின் ஓர் அட்டவணையில் காட்டப்பட்ட விற்பனை அளவும் இன்னோர் அட்டவணையில் காட்டப்பட்ட கொள்முதல் அளவும், நிறுவனமே சொல்லும் மின் இழப்பு (வழியில் வீணாகும் மின்சாரம்) விகிதத்தோடு பொருந்தவில்லை என்று ஒருவர் எழுதிவிட்டால், நிறுவனம் விளக்கம் தர வேண்டும். அந்த விளக்கத்தை ஏற்பதா இல்லையா என்று ஆணையம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த மௌனமே மேல்முறையீட்டுக்கு ஆதாரமாகிவிடும்.

எண்ணிக்கையை மட்டும் நம்புவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. எரிசக்திக்கு வெளியே நடந்ததுதான், ஆனால் எந்த ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் பொருந்தும்: 2017-இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் இணையச் சேவை நிறுவனங்கள் எல்லா இணையதளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை விதிகளை நீக்குவது குறித்துக் கருத்துக் கேட்டபோது 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. அவற்றுள் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலியானவை என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2021-இல் அறிக்கை வெளியிட்டது. அச்சில் வார்த்ததுபோன்ற மனுக்களை அதிகாரிகள் கட்டுக்கட்டாக ஒதுக்கிவைப்பதற்கு அலட்சியம் மட்டுமே காரணம் அல்ல.

ஒரே ஒரு பொருத்தமான சாட்சியம் என்ன செய்யும் என்பதற்கு ஸ்டார்ம் கிங் வழக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நியூயார்க் நகருக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் நிற்கும் மலை அது. நியூயார்க்கின் மின் நிறுவனமான கான் எடிசன் 1960-களின் தொடக்கத்தில் அந்த மலையை ஒட்டி நீரேற்று மின்திட்டம் ஒன்றை அமைக்க முன்வந்தது: மின்தேவை குறைந்த நேரத்தில் ஆற்று நீரை மேலே ஏற்றிவைத்து, தேவை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் கீழே இறக்கி மின்சாரம் எடுப்பது. சுற்றுவட்டாரத்து மக்களும் இயற்கை ஆர்வலர்களும் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். மலையின் அழகு கெடும் என்பதும் ஆற்று மீன்வளம் அழியும் என்பதும் அவர்களுடைய வாதம். விசாரணையின் பிற்பகுதியில், நியூயார்க் நகர நிர்வாகத்தில் மின்பொறியாளராகப் பணியாற்றியிருந்த ஒருவர், உச்சநேரத் தேவைக்கு எரிவாயு டர்பைன்களே போதும், அவை மலிவாகவும் இருக்கும் என்று சாட்சியம் அளிக்க முன்வந்தார். காலம் கடந்துவிட்டது என்று கூட்டாட்சி மின் ஆணையம் அதை ஏற்க மறுத்து, 1965-இல் உரிமமும் வழங்கிவிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமத்தை ரத்து செய்தது. பொதுநலனின் பிரதிநிதி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஆணையம், விளையாட்டு நடுவரைப் போல இரு தரப்பையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. மக்களின் உரிமையைத் தானே முன்வந்து காக்க வேண்டும். மாற்று வழிகளைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். பண நட்டம் எதுவும் காட்ட முடியாதவர்களுக்கும், இயற்கை அழகைக் காப்பதில் அக்கறை கொண்டவர்கள் என்ற அளவிலேயே வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்பதும் அங்கேதான் நிலைபெற்றது. ஆனால் வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. ஆணையம் மறுபடி விசாரித்து மறுபடி உரிமம் தந்தது; போராட்டம் நீண்டது; கடைசியில் 1980-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படிதான் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. இதில் ஈடுபட நினைப்பவர்கள் காலத்தின் அளவையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

கருத்துக் கேட்ட முறை சரியில்லை என்று வழக்கில் வெல்வது வேறு, முடிவில் வெல்வது வேறு என்பதைப் பிரிட்டன் காட்டியது. அங்கே 2003-இல் வெளியான எரிசக்தி வெள்ளை அறிக்கை, புதிய அணுமின் நிலையங்கள் பற்றி முடிவெடுக்கும் முன் மக்களிடம் முழுமையான அளவில் கலந்தாலோசிக்கப்படும் என்று வாக்களித்திருந்தது. 2006-இல் அரசு ஓர் ஆலோசனை ஆவணத்தை வெளியிட்டு, சில மாதங்களிலேயே அணுமின்சாரத்துக்குச் சாதகமான முடிவையும் அறிவித்தது. சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் வழக்குத் தொடுத்தது. செலவு, கழிவு ஆகிய இரு முக்கிய விஷயங்களில் மக்கள் கருத்துச் சொல்லப் போதுமான தகவலே தரப்படவில்லை, ஆலோசனை கடுமையான குறைபாடு உடையது என்று 2007 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அதே ஆண்டு விரிவான தகவல்களுடன் மறுபடியும் ஆலோசனை நடத்தி, 2008 ஜனவரியில் புதிய அணுமின் நிலையங்களுக்குப் பச்சைக்கொடி காட்டியது. இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டாம் முறை அரசு தன் எண்களை மேசைமேல் வைக்க வேண்டியிருந்தது, அவற்றை யாரும் சோதித்துப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் எதிர்த்தவர்கள் கேட்டது அதுவல்ல என்பதும் உண்மை.

நல்ல ஆலோசனைக்கு அளவுகோல் வேண்டுமென்றால் அதே நாட்டின் நீதிமன்றங்கள் 1985 முதல் பயன்படுத்திவரும் நான்கு விதிகள் போதும். அவை பள்ளிகளை மூடுவது குறித்த கன்னிங் என்ற வழக்கில் பிறந்தவை. முடிவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையில் கேட்க வேண்டும். அறிவோடு கருத்துச் சொல்ல ஏதுவாக, முன்வைக்கும் யோசனைக்கான காரணங்களைத் தர வேண்டும். யோசித்து எழுதப் போதிய அவகாசம் தர வேண்டும். வந்த கருத்துகளை மனச்சாட்சியோடு கருத்தில் கொண்டு முடிவெடுக்க வேண்டும். எந்த நாட்டில் எந்தக் கருத்துக்கேட்பைப் பற்றிய சந்தேகம் வந்தாலும் இந்த நான்கையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும்.

இந்த நான்கில் முதலாவது மிகப் பெரியது. ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றங்கரையில் ஸ்வென்டென்டார்ஃப் என்ற இடத்தில் அணுமின் நிலையத்தைக் கட்டி முடித்த பிறகு, அதை இயக்கலாமா வேண்டாமா என்று 1978 நவம்பர் 5-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 50.47 சதவீதத்தினர் வேண்டாம் என்றனர். நிலையம் ஒரு நாள்கூட அணுமின்சாரம் தரவில்லை. மக்களின் குரல் வென்ற நாள் என்று இதைக் கொண்டாடலாம். கட்டும் முன் கேட்டிருந்தால் அத்தனை செலவும் மிஞ்சியிருக்கும் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் முதலில் தோன்றுகிறது. ஐரோப்பிய நாடுகள் 1998-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் கையெழுத்திட்ட உடன்படிக்கை, எல்லா மாற்றுகளும் திறந்திருக்கும் தொடக்க நிலையிலேயே மக்கள் பங்கேற்க வழிசெய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. 2001 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கை தகவல் பெறும் உரிமை, பங்கேற்கும் உரிமை, நீதிமன்றத்தை அணுகும் உரிமை ஆகிய மூன்றையும் சேர்த்தே பேசுகிறது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் நொண்டும் என்பதை அதை வரைந்தவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

எரிசக்தித் துறையில் ‘தொடக்க நிலை’ எது என்பதுதான் பலருக்குப் பிடிபடாத இடம். மக்கள் பெரும்பாலும் கட்டண விசாரணைக்குத்தான் வருகிறார்கள், ஏனென்றால் கட்டணம்தான் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறது. ஆனால் கட்டணம் என்பது சங்கிலியின் கடைசிக் கண்ணி. முதலில் தேவை மதிப்பீடு. அதை வைத்து உற்பத்தித் திட்டம். அதை வைத்து முதலீட்டுக்கு ஒப்புதலும் நீண்டகால மின்கொள்முதல் ஒப்பந்தமும். இவற்றுக்கெல்லாம் பிறகுதான் கட்டணம். ஆண்டுக்கு 3 சதவீதம் வளரும் மின்தேவை 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 34 சதவீதம் கூடும். 6 சதவீதம் வளரும் என்று எழுதிக்கொண்டால் அதே 10 ஆண்டுகளில் 79 சதவீதம் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பக் கட்டப்படும் மின்நிலையங்களுக்கு, மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஒப்பந்தப்படி நிலைக்கட்டணம் தர வேண்டியிருக்கும். பல ஆண்டுகள் ஓடிய பிறகு கட்டண விசாரணையில் எழுந்து நின்று இந்தச் செலவு ஏன் என்று கேட்டால், ஒப்பந்தம் இருக்கிறது என்ற ஒற்றை வரிப் பதில் வரும். அந்தப் பதில் சரியானதும்கூட. கேள்வி கேட்டிருக்க வேண்டிய நாள், தேவை மதிப்பீடு வெளியான நாள். அன்றைக்குக் கூட்டத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மகாராஷ்டிரத்தின் தபோல் மின்நிலையம் இதற்குத் துறை அறிந்த பாடம். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் முன்நின்ற அந்தத் திட்டத்துக்கான மின்கொள்முதல் ஒப்பந்தம் போட்டி ஏலம் இன்றி 1993 டிசம்பரில் கையெழுத்தானது. அப்போது அந்த மாநிலத்தில் ஒழுங்குமுறை ஆணையமே கிடையாது. ஒப்பந்தத்தைப் பொதுவில் வைத்து விசாரிக்கும் ஏற்பாடும் கிடையாது. திட்டம் பொருளாதார ரீதியில் ஏற்கத்தக்கதல்ல என்று உலக வங்கி 1993-இலேயே சொல்லிக் கடன் தர மறுத்திருந்தது. வெளியே இருந்த ஆய்வாளர்களும் கேள்விகளை எழுப்பினார்கள், ஆனால் அவற்றுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இருக்கவில்லை. 1999-இல் உற்பத்தி தொடங்கியது. விலை தாங்க முடியாமல் மாநில மின்வாரியம் 2001-இல் கொள்முதலை நிறுத்த, நிலையம் மூடப்பட்டது. பொது விசாரணை நடந்திருந்தால் அந்த ஒப்பந்தம் தடுக்கப்பட்டிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்களைக் கூட்டிப் பார்க்க ஒருவருக்காவது வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

எண்களைக் கூட்டிப் பார்ப்பதற்கு முதலில் எண்கள் கையில் இருக்க வேண்டும். எரிசக்தி நிறுவனத்துக்கும் மற்றவர்களுக்கும் நடுவிலுள்ள பெரிய மேடுபள்ளம் இதுதான். நிறுவனத்திடம் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கணக்கேடு இருக்கும். நமக்குக் கிடைப்பது அதன் அச்சுப் பிரதியைப் படமெடுத்த கோப்பாக இருக்கும். ஆகவே முதல் கடிதம் ஆட்சேபணையாக இல்லாமல் தகவல் கோரிக்கையாக இருக்கட்டும்: சூத்திரங்களுடன் கூடிய எக்செல் கோப்பு, தேவை மதிப்பீட்டுக்குப் பயன்பட்ட முறை, முந்தைய ஆண்டுகளின் மதிப்பீடும் உண்மையில் நடந்ததும். வணிக ரகசியம் என்று மறுத்தால் விட்டுவிட வேண்டாம். ரகசியமான வரிகளை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. அதை மறுக்கும்போது அந்த மறுப்பும் பதிவில் ஏறுகிறது. கிடைக்கும் தகவலைவிடக் கிடைக்காத தகவல் சில நேரம் அதிகம் உதவும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

மனுவைப் படிப்பதற்கு நிதி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான நாடுகளில் கட்டண மனுவின் எலும்புக்கூடு ஒன்றுதான்: மின்சாரமோ எரிவாயுவோ வாங்க ஆகும் செலவு, இயக்கப் பராமரிப்புச் செலவு, சொத்துகளின் தேய்மானம், கடன் வட்டி, பங்கு முதலீட்டுக்கான வருவாய், இவற்றைக் கூட்டி, எதிர்பார்க்கும் விற்பனையால் வகுத்தால் சராசரிக் கட்டணம். முதலீட்டின் மீதே வருவாய் அனுமதிக்கப்படுவதால், தேவைக்கு மேல் முதலீடு செய்ய நிறுவனத்துக்கு ஓர் ஈர்ப்பு எப்போதும் இருக்கும். அங்கே கண் வையுங்கள். சென்ற ஆண்டு இன்ன வேலைக்கென்று அனுமதி வாங்கிய பணம் செலவானதா? பயன்பாட்டுக்கே வராத சொத்துக்குத் தேய்மானம் கேட்கிறார்களா? மின் இழப்பைக் குறைப்பதாக ஆணையத்திடம் முன்பு கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று? விற்பனையை வேண்டுமென்றே குறைத்துக் காட்டினால் வகுக்கும் எண் சிறியதாகி, கட்டணம் உயர்ந்துவிடும். கடந்த சில ஆண்டுகளின் மதிப்பீட்டை நடந்ததோடு ஒப்பிட்டால் அந்தப் பழக்கம் வெளிப்படும். முந்தைய கட்டண ஆணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இவற்றில் பாதி தானாகவே கண்ணில் படும்.

எழுதும்போது ஒரு கடிதத்தில் இரண்டு அல்லது மூன்று விஷயங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் மனுவின் பக்க எண், அட்டவணை எண், முரண்பாடு எங்கே, ஆணையம் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள் என்பவை இருந்தால் போதும். நியாயம் வழங்க வேண்டும் என்று முடிப்பதைவிட, இந்தத் தலைப்பின் கீழ் கோரும் தொகையை இந்த விளக்கம் கிடைக்கும் வரை அனுமதிக்கக் கூடாது என்று முடிக்கும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். கோபத்தை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கோபத்துக்குப் பதில் எழுத வேண்டிய கடமை யாருக்கும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

கணக்கு வராதவர்களும் தர முடிந்த சான்று ஒன்று உண்டு: தாங்கள் கண்டது. ஆணையங்களிடம் இருப்பவை சராசரிகள். ஆண்டுக்குச் சராசரியாக இத்தனை மணி நேர மின்தடை என்று நிறுவனம் சொல்லும். அந்தச் சராசரிக்குள் தடையே இல்லாத பகுதிகளும் தினம் இருளும் பகுதிகளும் ஒன்றாகக் கலந்துகிடக்கும். தங்கள் பகுதியில் மின்சாரம் போன தேதி, நேரம், திரும்பி வந்த நேரம் ஆகியவற்றை ஆறு மாதம் நோட்டில் குறித்துவைத்து அதை மனுவோடு இணைப்பவர், நிறுவனத்திடம் இல்லாத தகவலை, அல்லது இருந்தும் வெளியே வராத தகவலை, பதிவில் ஏற்றுகிறார். மின்கோபுரம் போகும் பாதையில் மழைக்காலத்தில் எங்கே வெள்ளம் நிற்கும் என்பதும் அப்படித்தான். அது எந்த வரைபடத்திலும் இருக்காது, அங்கே நடப்பவருக்குத் தெரியும்.

இப்படியெல்லாம் செய்வதற்கு நேரமும் பணமும் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. பெரிய தொழிற்சாலைகளின் சங்கங்கள் வழக்கறிஞரோடும் ஆலோசகரோடும் வருகின்றன. அவர்களுடைய கட்டணம் குறைந்தால் அந்தச் சுமை வேறு யார் தலையிலோ இறங்கும், அந்த வேறு யாரோ அறையில் இருப்பதில்லை. இதற்கு உலகில் சில விடைகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1924-லிருந்தே, வீட்டு நுகர்வோர் சார்பில் வாதிடத் தனி வழக்கறிஞர் அலுவலகத்தை வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் 1980-களில் வந்த சட்டம், விசாரணையில் நுகர்வோர் தரப்பில் பங்கேற்றவரின் வாதம் ஆணையத்தின் முடிவுக்குக் கணிசமாக உதவியது என்று ஆணையமே கண்டால், அவருடைய வழக்கறிஞர், நிபுணர் செலவை ஈடுகட்டச் சொல்கிறது. தரமான தலையீட்டுக்கு மட்டும் கூலி என்பதால் இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. பணம் கடைசியில்தான் கிடைக்கும் என்பதால் சிறிய அமைப்புகள் திணறுகின்றன என்ற குறையும் அதில் உண்டு. இந்திய மின்சாரச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு, நுகர்வோர் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்த ஒருவரை ஆணையம் அனுமதிக்கலாம் என்கிறது. ‘அனுமதிக்கலாம்’ என்ற சொல்லை ஆணையங்கள் தத்தம் விருப்பப்படி வாசிக்கலாம். அமெரிக்க நாடாளுமன்றம் கூட்டாட்சி எரிசக்தி ஆணையத்தில் பொதுமக்கள் பங்கேற்புக்கென்றே ஓர் அலுவலகம் அமைக்க 1978-இல் சட்டம் இயற்றியது. அந்த அலுவலகம் உண்மையில் அமைந்தது 2021-இல். இடையில் 43 ஆண்டுகள்.

பணம் மட்டும் அல்ல, மொழியும் இடமும்கூடத் தடைதான். அதை நன்றாகக் கையாண்ட ஒரு விசாரணையைச் சொல்ல வேண்டும். வட கனடாவின் மெக்கன்ஸி பள்ளத்தாக்கு வழியாக எரிவாயுக் குழாய் அமைக்கும் திட்டத்தை ஆராய 1974-இல் நீதிபதி தாமஸ் பெர்ஜர் நியமிக்கப்பட்டார். நிபுணர்களின் சாட்சியத்தை முறையான விசாரணை அரங்கில் கேட்டதோடு நில்லாமல், 35 ஊர்களுக்கும் குடியிருப்புகளுக்கும் தானே சென்று, அங்கே வாழும் பழங்குடி மக்களை அவர்களுடைய மொழியிலேயே பேசவிட்டுக் கேட்டார். விசாரணைக்குத் தயாராகப் பழங்குடி அமைப்புகளுக்கும் சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கும் முன்கூட்டியே நிதி தரப்பட்டது. அன்றாட நடப்பு வானொலியில் அந்த மொழிகளிலும் ஒலிபரப்பானது. வேட்டைக்குப் போகும் வழி, மீன் வரும் பருவம், நிலத்தின் மேல் உள்ள உரிமை என்று அவர்கள் சொன்னவற்றை உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்காமல், நிபுணர் சாட்சியத்துக்குச் சமமான சான்றாக நடத்தினார். நில உரிமைகள் தீர்க்கப்படும் வரை அந்தப் பள்ளத்தாக்கில் 10 ஆண்டுகளுக்குக் குழாய் வேண்டாம் என்று 1977-இல் அவர் பரிந்துரைத்தார். திட்டம் அப்போது நின்றது.

வருபவர்கள் எல்லாம் அக்கறை உள்ளவர்கள், ஆனால் அக்கறை உள்ளவர்கள் மட்டும்தான் மக்களா என்ற சந்தேகத்துக்கு வேறு வகையான விடை ஒன்று உண்டு: குலுக்கல் முறையில் சாதாரண மக்களைத் தேர்ந்தெடுத்து, இரு தரப்பு வாதங்களையும் கேட்கவைத்து, பிறகு கருத்தறிவது. டெக்சஸ் மாநிலத்தில் 1996 முதல் 1998 வரை எட்டு மின் நிறுவனங்கள் இப்படிச் செய்தன. புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்காக மாதக் கட்டணத்தில் சிறிது கூடுதலாகத் தரத் தயார் என்றவர்கள், கலந்துரையாடலுக்கு முன் சராசரியாக 52 சதவீதம்; பின் 84 சதவீதம். 1999-இல் அந்த மாநிலம் 2,000 மெகாவாட் புதிய புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியதற்கு இது துணைநின்றது. எண்ணெய்க்குப் பேர்போன மாநிலத்தில் காற்றாலைகள் பெருகிய கதையின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

தென் கொரியா 2017-இல் ஷின்கோரி 5, 6 அணு உலைகளின் கட்டுமானத்தை நிறுத்திவைத்து, தொடர்வதா கைவிடுவதா என்று இதே முறையில் கேட்டது. தொடக்கக் கணக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் முடிவு செய்யாதவர்கள். இறுதிவரை பங்கேற்ற 471 பேரில் 59.5 சதவீதத்தினர் கட்டுமானத்தைத் தொடரலாம் என்றனர். அதே குழுவில் பாதிக்கு மேற்பட்டோர், நாட்டின் ஒட்டுமொத்த அணுமின்சாரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். கட்டுமானத்தை நிறுத்துவதாகத் தேர்தலில் வாக்குறுதி தந்து வந்த அரசு, முடிவை ஏற்று உலைகளைத் தொடர்ந்தது. இந்த முறையில் எனக்குள்ள தயக்கம், கேள்வியை யார் எழுதுகிறார்கள், மேடையில் வாதிட யாரை அழைக்கிறார்கள் என்பதில் மொத்த அதிகாரமும் ஒளிந்திருக்கிறது என்பது. டெக்சஸில் மின் நிறுவனங்களும் நுகர்வோர் அமைப்புகளும் சேர்ந்து, பங்கேற்பவர்களுக்குத் தரும் விளக்கக் குறிப்பேட்டைத் தயாரித்ததால்தான் அதை யாரும் எளிதில் குறைசொல்ல முடியவில்லை. அப்படி ஒரு குழு உங்கள் நாட்டில் கூடினால், முடிவைவிட அந்தக் குறிப்பேட்டை முதலில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஆணை வெளியான பின் பெரும்பாலோர் கட்டண அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கிறார்கள். ஆட்சேபணைகளும் ஆணையத்தின் பதில்களும் உள்ள அத்தியாயத்தைப் படியுங்கள். உங்கள் வாதம் அங்கே சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, திரித்துச் சுருக்கப்பட்டிருக்கிறதா, அறவே விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் மேல்முறையீட்டுக்கு நாள் குறைவு; இந்தியாவில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாட்கள். ஏற்கப்பட்டிருந்தால், இத்தனை மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்பதுபோல நிறுவனத்துக்கு இட்ட உத்தரவு ஒன்று ஆணையின் ஏதோ ஒரு பத்தியில் இருக்கும். அந்தத் தேதியைக் குறித்துவைத்து, அறிக்கை வந்ததா என்று ஆணையத்தின் செயலருக்கு எழுதிக் கேளுங்கள். அடுத்த மனு வரும்போது உங்கள் முதல் ஆட்சேபணை அந்தக் கடிதத்திலிருந்தே தொடங்கலாம்.